"சொன்னால் பயப்படுவாள்" என்றால் சொல்லாமல் போவதா?

கேள்வி: லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் வேலை பார்க்கிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு ரயில் பைத்தியம். ஆகஸ்டில் 4 நாள் தனியாகக் காரில் மொஹாவி பாலைவனம் போய்ச் சரக்கு ரயில்களைப் படம் எடுக்கப் போகிறேன். முதலில் ரயில் பாதை மலையில் தன்னையே சுற்றி ஏறுகிற டெஹாச்சப்பி வளைவு, அப்புறம் பாலைவனத்துக்குள் இருக்கிற ஆம்பாய் என்ற சின்ன ஊர்ப் பக்கம். மனைவியிடம் பார்ஸ்டோ ஊரில் ஒரு ஓட்டலில் இருப்பேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மற்றதைச் சொன்னால் பயப்படுவாள். மகள் இப்போதுதான் ஏ, பி, சி எழுதுகிறாள். கேமராவுக்கு 70-200 மி.மீ. லென்ஸ் போதுமா, தூரத்தில் இருப்பதை இன்னும் பெரிதாகக் காட்டும் 400 வாங்க வேண்டுமா?

பதில்: லென்ஸ் கிடக்கட்டும், தம்பி. "சொன்னால் பயப்படுவாள்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

மலையேறப் போனவர், பைக்கில் கிளம்பியவர் என்று எத்தனையோ பேர் இதையே எழுதிவிட்டார்கள். மனைவி பயப்படுவாரே என்பதா உங்கள் கவலை? வேண்டாம் என்று தடுத்துவிடுவாரோ என்பதுதான்.

ஆம்பாயைத் தாண்டினால் பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது. ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். திடீர் மழையில் வெள்ளமும் வரும். மண் பாதையில் கார் புதைந்து நின்றால், தேடச் சொல்லி ஆள் அனுப்ப வேண்டியவர் உங்கள் மனைவி. அவருக்குத் தெரிந்ததோ 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிற ஒரு ஓட்டல். கட்டியவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்து பயப்படுகிற உரிமை அவருக்கு உண்டு. பொய் சொல்லி அவருக்கு நிம்மதி வாங்கித் தர வேண்டாம்.

1883-ல் ஆம்பாய் வழியாகப் போகும் ரயில் பாதையைப் போட்டபோது ஸ்டேஷன்களுக்கு ஆங்கில எழுத்து வரிசையிலேயே பெயர் வைத்துக்கொண்டு போனார்கள். ஆம்பாய் (A), பிரிஸ்டல் (B), கேடிஸ் (C), டான்பி (D), எசெக்ஸ் (E), ஃபென்னர் (F), கோஃப்ஸ் (G). ரயில் பைத்தியமான உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. இன்று ராத்திரி மகளை மடியில் உட்கார வைத்து, ஒரு தாளில் ஏ முதல் ஜி வரை அவள் கையாலேயே எழுத வையுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் எதிரே அப்பா எந்த நாள், எத்தனை மணிக்கு அங்கே இருப்பார் என்று நீங்கள் எழுதுங்கள். அடியில் அந்த வட்டாரப் போலீசான ஷெரீப் அலுவலகத்தின் எண்ணையும், எத்தனை மணிக்குள் உங்கள் போன் வராவிட்டால் அங்கே கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். எழுதியபடிதான் போக வேண்டும். நல்ல வெளிச்சம் கிடைத்தது என்று வேறு பக்கம் திரும்பிவிடக் கூடாது.

பயணத்தை நவம்பருக்குத் தள்ளுங்கள். படத்துக்கும் அதுதான் நல்லது. கோடை மதியத்தில் கானல் எஞ்சினையே நெளிய வைத்துவிடும், 400 லென்ஸில் அது இன்னும் பெரிதாகத் தெரியும். 70-200 போதும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வையுங்கள். தண்டவாளத்தை ஒட்டிய நிலம் ரயில் கம்பெனிக்குச் சொந்தம், அதில் கால் வைக்காதீர்கள்.

டெஹாச்சப்பிக்கு மட்டும் தனியாகப் போக வேண்டாம், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். 1876-ல் கட்டி முடித்த வளைவு அது. ஒன்றேகால் கிலோமீட்டர் நீள ரயில் வந்தால், எஞ்சின் மேலே ஏறிச் சுற்றி வரும்போது அதன் கடைசிப் பெட்டிகள் நேர் கீழே போய்க்கொண்டிருக்கும். ஒரு குழந்தை கை கொட்டிப் பார்க்க வேண்டிய காட்சி. சாலையோரத்திலிருந்தே தெரியும். சரக்கு ரயில் சொன்ன நேரத்துக்கு வராது, காத்திருக்க வேண்டியிருக்கும். மகளுக்கு ஒரு மடக்கு நாற்காலியும் தொப்பியும் எடுத்து வையுங்கள்.