ஸ்லெட் ஹாக்கியில் கோல்கீப்பர் என்றால் ஏன் எல்லோரும் அமெரிக்க வீரர் ஸ்டீவ் கேஷ் பெயரைச் சொல்கிறார்கள்?

2010 வான்கூவர் பாராலிம்பிக்கில் அவர் செய்ததுதான் காரணம். ஐந்து ஆட்டங்கள், கோலை நோக்கி வந்த 33 அடிகள். ஒன்றைக்கூட உள்ளே விடவில்லை! இறுதியில் ஜப்பானை 2-0 என வென்று அமெரிக்கா தங்கம் வாங்கியது.

இதன் கனம் புரிய, ஆட்டம் எப்படி என்று தெரிய வேண்டும். பனித்தளத்தில், அடியில் கத்தி பொருத்திய சறுக்கு இருக்கையில் உட்கார்ந்தபடியே ஆடுவார்கள். களத்து வீரர்கள் இரண்டு குட்டை மட்டைகளின் முள் முனையால் பனியைக் குத்தித் தள்ளி நகர்வார்கள். அதே மட்டையின் மறுமுனையால்தான் ‘பக்’ எனும் தட்டையான ரப்பர் வட்டை அடிப்பதும். கோல்கீப்பருக்கும் எழுந்து நிற்க வழியில்லை. வலையின் மேல் மூலைகளுக்குப் பாயும் வட்டைக் கையால்தான் மறிக்க வேண்டும். எனக்கு இதுதான் ஆட்டத்திலேயே கடினமான இடம்.

செயின்ட் லூயிஸ் பகுதியில் வளர்ந்த கேஷ், மூன்று வயதிலேயே எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தவர். 2006 டூரினில் பதின்ம வயதிலேயே வெண்கலம். வான்கூவருக்கு அப்புறம் 2014 சோச்சி, 2018 பியோங்சாங் இரண்டிலும் தங்கம். சோச்சி இறுதியில் ரஷ்யாவை வென்றது 1-0 என்ற ஒரே கோலில். அன்றும் அவர் வலை தீண்டப்படவே இல்லை.