பைனாகுலரில் பழுதில்லை: குமரிக் கடற்கரையிலிருந்து நெபுலாக்களைக் காணும் முறை

கேள்வி: தக்கலைக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். புதிதாக வாங்கிய 10 × 50 பைனாகுலரில் ஓரியன் நெபுலாவைப் பார்த்தபோது சாம்பல் நிறத்தில் சிறு புகை போன்ற ஒன்றுதான் தெரிந்தது. புத்தகப் படங்களில் இருக்கும் சிவப்பும் நீலமும் தெரியவில்லை. கருவி பழுதா? நெபுலா ஃபில்டர் ஒன்றை வாங்கினால் எல்லாம் தெரியும் என்று கடைக்காரர் சொல்கிறார், வாங்கலாமா? மாணவர்களுக்கு எந்தெந்த வகை நெபுலாக்களை, நம் மாவட்டத்தில் எங்கிருந்து, எப்போது காட்டலாம்?

பதில்: உங்கள் கருவியில் பழுது ஏதும் இல்லை. நீங்கள் கண்ட அந்தச் சாம்பல் நிறப் புகைதான் ஏறத்தாழ 1,350 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஓரியன் நெபுலா. நெபுலா என்பது விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயு, தூசி மேகம். மங்கிய ஒளியில் நம் விழித்திரையின் கோல் செல்கள் மட்டுமே வேலை செய்கின்றன. அவற்றால் நிறங்களைப் பிரித்தறிய இயலாது. அவை 507 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சை ஒளியை நன்றாக உணரும். நெபுலாப் படங்களைச் சிவப்பாக்கும் ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் ஒளியை அநேகமாக உணர்வதே இல்லை. கேமரா பல நிமிடங்கள், சில வேளை பல மணி நேரம், ஒளியைச் சேர்த்து வைப்பதால் அந்தச் சிவப்பு படத்தில் பதிகிறது. கண்ணுக்கு அப்படிச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது.

பெரிய தொலைநோக்கி வாங்கினால் நிறம் தெரிந்துவிடும் என்று நினைப்பதும் முழுவதும் சரியன்று. விண்மீன் போன்ற புள்ளி ஒளியைத் தொலைநோக்கி பிரகாசமாக்கும். நெபுலா போன்ற பரந்த பொருளைப் பெரிதாக்கிக் காட்டுமே தவிர, அதன் பரப்பின் பொலிவை வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மேல் உயர்த்தாது. ஆகவே கருவியின் அளவைவிட வானத்தின் இருட்டுதான் முக்கியம். தக்கலைச் சந்திப்பின் வெளிச்சத்தில் நின்று பார்த்த அதே பைனாகுலரைக் கையில் எடுத்துக்கொண்டு பேச்சிப்பாறைப் பக்கம் போய், அரை மணி நேரம் கைபேசியைத் தொடாமல் இருட்டில் அமர்ந்துவிட்டுப் பாருங்கள். வாங்கிய கருவியை யாரோ மாற்றி வைத்துவிட்டார்களோ என்று தோன்றும். நேராக உற்றுப் பார்க்காமல், பார்வையைச் சற்றே விலக்கி ஓரக்கண்ணால் பார்ப்பதும் உதவும், ஏனெனில் கோல் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை.

ஃபில்டர் விஷயத்துக்கு வருகிறேன். நெபுலாக்களின் வகை இங்குதான் நடைமுறைப் பொருள் பெறுகிறது. 1864-இல் ஆங்கில வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தபோது, விண்மீன்களுக்கு உரிய தொடர் பட்டைக்குப் பதிலாகத் தனித்தனிக் கோடுகளையே கண்டார். அது ஒளிரும் வாயு என்பது அன்று உறுதியாயிற்று. அந்தக் கோடுகளுள் முக்கியமான பச்சைக் கோடு எந்தத் தனிமத்துடையது என்று தெரியாமல் 'நெபுலியம்' என்ற புதுத் தனிமத்தையே கற்பித்துக்கொண்டார்கள். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனே அதற்குக் காரணம் என்று 1927-இல் ஐரா போவன் விளக்கினார். கடைக்காரர் சொல்லும் ஃபில்டர் அந்தப் பச்சைக் கோட்டையும் அருகிலுள்ள ஹைட்ரஜன் கோட்டையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தடுக்கிறது. எனவே சுயமாக ஒளிரும் வாயுவுக்கு, அதாவது உமிழ்வு நெபுலாவுக்கும் கோள்வடிவ நெபுலாவுக்கும், அது நன்றாகப் பயன்படும். தூசியில் பட்டுத் திரும்பும் விண்மீன் ஒளிக்கு, அதாவது எதிரொளிப்பு நெபுலாவுக்கு, அதனால் பயனில்லை. பார்க்க வேண்டிய ஒளியையும் சேர்த்தே அது தடுத்துவிடும். நம் ஊர்த் தெருக்களில் இப்போது எரியும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் எல்லா அலைநீளங்களையும் கலந்து தருவதால், பழைய மஞ்சள் சோடியம் விளக்குகளின் காலத்தில் கிடைத்த பலன் ஃபில்டருக்கு இன்று இல்லை. பைனாகுலருக்கு ஒன்றல்ல, ஒரு ஜோடி தேவைப்படும் என்பதையும் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தப் பணத்தில் உறுதியான டிரைபாட் ஒன்று வாங்குங்கள்.

எங்கிருந்து பார்ப்பது என்பதில் குமரி மாவட்டத்துக்குத் தமிழ்நாட்டின் வேறெந்த ஊருக்கும் இல்லாத ஒரு கொடுப்பினை உண்டு. நாம் வட அட்சம் 8 பாகையில் இருக்கிறோம், தெற்கே கடல். அதனால் தெற்கு வானத்தின் நெபுலாக்கள் தொடுவானத்துக்கு மேல் எழும்பி வரும்போது, அவற்றை மறைக்க மலையோ ஊர் விளக்கோ இருப்பதில்லை. ஆனால் கன்னியாகுமரி நகரக் கடற்கரையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். திருவள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் பாய்ச்சும் விளக்குகள் அந்த இருட்டைக் கெடுத்துவிடும். சொத்தவிளைக்கு அருகில் விளக்கில்லாத ஓர் இடம் போதும். முட்டம் நல்ல இடம்தான், கலங்கரை விளக்கத்தின் கீற்று கண்ணில் படாத பக்கமாக அமர வேண்டும். தலைக்கு மேல் வரும் பொருள்களுக்குப் பேச்சிப்பாறையும், தெற்கே தாழ்வாக வருபவற்றுக்குக் கடற்கரையும் என்று பிரித்துக்கொள்ளலாம். இரண்டு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் என்பதால் ஜனவரி முதல் ஏப்ரல் வரையே நமக்கு நம்பகமான காலம்.

ஜனவரி இறுதியில் இரவு ஒன்பது மணியளவில் தொடங்குங்கள். திருவாதிரை விண்மீனைக் கொண்ட, வேடன் வடிவ விண்மீன் கூட்டமான ஓரியன் அப்போது தெற்கு நோக்கி நம் தலைக்கு மேல் ஏறத்தாழ 76 பாகை உயரத்தில் நிற்கும். இடைக்கச்சை விண்மீன்கள் மூன்றுக்குக் கீழே தொங்கும் வாளில் இருக்கிறது அந்த நெபுலா. வானத்துத் திட்டுகளுக்கு எண் கொடுத்த மெசியே பட்டியலில் இதன் பெயர் எம் 42. அதனுள் புதிதாகப் பிறந்த டிரபீசியம் விண்மீன்களின் புற ஊதாக் கதிர் ஹைட்ரஜனை அயனியாக்கி ஒளிரச் செய்கிறது. இதுவே உமிழ்வு நெபுலா. இப்போது அந்த வாளிலிருந்து நேர் கீழே, கடல் வரை ஒரு கோடு இழுங்கள். தொடுவானத்துக்கு மேல் 13 பாகையில், அதாவது நீட்டிய கைமுட்டியின் அகலத்தைவிடச் சற்றே அதிக உயரத்தில், பெரிய மெகல்லன் மேகமும் அதற்குள் டாரன்டுலா நெபுலாவும் உள்ளன. இது நம் பால்வெளியைச் சேர்ந்ததன்று. ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள வேறொரு விண்மீன் திரள். கடல் மேல் மூடுபனி இல்லாத இரவு கிடைத்தால் மட்டுமே தெரியும். ஒரு முறை தவறினால் சோர்ந்துவிட வேண்டாம்.

அதே இரவில் கார்த்திகை விண்மீன் கூட்டத்தையும் காட்டுங்கள். அதிலுள்ள மெரோப்பே என்ற விண்மீனைச் சுற்றிய தூசியை 1859-இல் வில்ஹெல்ம் டெம்பல் கண்டார். அது விண்மீன் ஒளியைத் திருப்பி அனுப்பும் தூசிதான் என்பதை 1912-இல் வெஸ்டோ ஸ்லைஃபர் நிறமாலை மூலம் நிறுவினார். எதிரொளிப்பு நெபுலாவுக்கு இதைவிடப் பெயர் பெற்ற எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் கடற்கரையில் ஓர் எச்சரிக்கை தேவை. விண்மீன்களைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தெரிந்தவுடன் நெபுலாவைக் கண்டுவிட்டதாக மகிழாதீர்கள். பைனாகுலரை நெபுலா சூழாத ரோகிணியின் பக்கம் திருப்புங்கள். அங்கும் அதே வட்டம் தெரிந்தால் அது லென்ஸில் படிந்த உப்புக்காற்றின் ஈரம். நானே இப்படி ஏமாந்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால், குமரியின் உண்மையான பரிசு ஓரியன் அல்ல, கரீனா நெபுலா என்பேன். சித்திரை பிறக்கும் நாட்களில் இரவு ஒன்பதரை மணிக்குத் தெற்கே 22 பாகை உயரத்தில், தெற்குச் சிலுவைக்கு வலப்புறம் ஒன்றரைக் கைமுட்டிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கும். ஓரியன் நெபுலாவைவிட வானில் ஏறத்தாழ இரு மடங்கு அகலமானது. டெல்லியிலிருந்து பார்ப்பவருக்கு இது தரையோடு தரையாகத்தான் வரும். இதற்குள் உள்ள ஈட்டா கரீனே விண்மீன் 1843-இல் வெடிப்பு போன்ற எழுச்சி கண்டு, சில காலம், இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியசுக்கு அடுத்த பிரகாசத்துடன் இருந்தது. ஏப்ரல் 15 முதல் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதால், சின்னமுட்டம் பக்கத்து விசைப்படகுகளின் விளக்குகளும் கடலில் குறைந்திருக்கும். மே தொடக்கத்தில் பத்தரை மணிக்குத் தெற்குச் சிலுவையை ஒட்டி, பால்வெளியில் ஓட்டை விழுந்தாற்போன்ற கருந்திட்டு தெரிந்தால் அது கோல்சாக் என்னும் இருண்ட நெபுலா, பின்னாலுள்ள ஒளியை மறைக்கும் தூசி மேகம். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், வெறுங்கண்ணே போதும். மாணவர்கள் நிச்சயம் கேட்கப்போகும் குதிரைத்தலை நெபுலாவும் இருண்ட வகைதான், ஆனால் அதை உங்கள் பைனாகுலரில் காண இயலாது.

கோள்வடிவ நெபுலாவுக்குக் கோளோடு எந்தத் தொடர்பும் இல்லை. தொலைநோக்கியில் கோள் போல வட்டமாகத் தெரிந்ததால் வில்லியம் ஹெர்ஷல் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. சூரியனைப் போன்ற விண்மீன் முதுமையில் உதறிய வாயு அது. ஏப்ரல் விடியலில் கிழக்கே உயரத்தில் எம் 27 என்னும் கோள்வடிவ நெபுலா பைனாகுலரில் சிறு திட்டாகத் தெரியும். அதற்கு முன்பே, தனுசு ராசியில் எம் 8 என்னும் லகூன் நெபுலாவையும் பார்த்துவிடலாம். வெடித்துச் சிதறிய விண்மீனின் எச்சமான நண்டு நெபுலா, எம் 1, ரிஷபத்தின் கொம்பு நுனியில் உள்ளது. 1054-இல் சீனர்கள் பகலிலும் கண்ட விண்மீன் வெடிப்பின் மிச்சம். வரலாற்றுக்காக மாணவர்களிடம் சொல்லுங்கள். உங்கள் கருவியில் அது மிக மங்கலாகவே தெரியும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாள் குறிக்கும்போது அமாவாசையை ஒட்டியே குறியுங்கள், ஆனால் தை அமாவாசை அன்று மட்டும் வேண்டாம். விடியற்காலைத் தர்ப்பணத்துக்கு வரும் கூட்டமும் வாகன விளக்குகளும் குமரிமுனைப் பக்கத்து இருட்டைக் குலைத்துவிடும். இரண்டு நாள் முன்னதாகச் சென்றால் நிலா விடியும் தறுவாயில்தான் எழும், முன்னிரவு முழுவதும் உங்களுக்குக் கிடைக்கும்.