விரல் பெல்ட்டில் மாட்டியது, சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) வேண்டாம் என்கிறார் முதலாளி

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் உரக் கிடங்கில் என் தம்பி வேலை செய்கிறான். மூட்டை ஏற்றும் கன்வேயர் பெல்ட் சிக்கிக்கொண்டது. சுவிட்சை அணைத்துவிட்டு உருளையைச் சுத்தம் செய்தபோது, மறுபக்கம் இருந்தவர் தெரியாமல் போட்டுவிட்டார். இரண்டு விரல் நுனி நசுங்கி, பத்து நாள் எம்சி (மருத்துவ விடுப்பு). “கிளினிக் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், சொக்சோ எதற்கு? அவன் கவனக்குறைவுதானே” என்கிறார் முதலாளி. என்ன செய்வது?

பதில்: முதலில் சொக்சோவில் பதியுங்கள். விபத்து தெரிய வந்த 48 மணி நேரத்துக்குள் அறிவிப்பது முதலாளியின் கடமை. மறுத்தால் எம்சியும் மருத்துவ அறிக்கையுமாக நீங்களே அலுவலகத்துக்குப் போங்கள். தவறு யார் மேல் என்று பார்த்துக் கொடுக்கும் பணம் இல்லை இது. எம்சி நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், தினச் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு கிடைக்கும். காயம் ஆறியும் விரல் மடங்காவிட்டால் நிரந்தர ஊனத்துக்கும் விண்ணப்பிக்கலாம். இன்று பதியாமல் விட்டால், வேலையில் பட்ட காயம்தான் என்று நிரூபிக்க அன்று அலைய வேண்டும். கிளினிக் பில்லோடு கதையை முடிக்கப் பார்க்கும் முதலாளிகளுக்கு இது நன்றாகவே தெரியும்.

நான்கு நாளுக்கு மேல் வேலை பார்க்க முடியாத காயம் என்பதால், வேலையிடப் பாதுகாப்புத் துறைக்கும் 7 நாளுக்குள் அவர் அறிக்கை அனுப்ப வேண்டும்.

சரி, கவனக்குறைவு யாருடையது? சுவிட்சை அணைப்பது பாதுகாப்பே இல்லை. யார் வேண்டுமானாலும் திரும்பப் போடலாம். மெயின் சுவிட்சை இறக்கி, அதில் பூட்டு மாட்டி, சாவியைப் பழுது பார்ப்பவரே பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று பேர் இறங்கினால் மூன்று பூட்டு. ‘போடாதே’ என்று அட்டை மட்டும் தொங்கவிட்டால் போதாது, அவசரத்தில் யார் படிக்கிறார்கள்? அப்புறம் ஸ்டார்ட் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். கரண்ட் போன பிறகும் சிக்கிய பெல்ட்டில் இழுவிசை இருக்கும். மூட்டையை உருவியதும் வெடுக்கென்று ஓடும். பூட்டு வாங்கித் தருவதும் பழக்குவதும் நிர்வாகத்தின் வேலை, தம்பியுடையது அல்ல.

திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றி, சொல்லியும் முதலாளி சரிசெய்யாவிட்டால் அங்கிருந்து விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு.

நாளைக்கே புதுப் பூட்டு முளைத்துவிடலாம். அதற்கு முன்பாக, அந்த சுவிட்சையும் உருளையையும் தேதி தெரியும்படி படம் எடுக்கச் சொல்லுங்கள். கூட இருந்தவர் பெயரையும் எழுதி வையுங்கள்.