டீரெய்லரைப் பார்த்து சைக்கிள் வாங்காதீர்கள்

வாசகர் கேள்வி: அலுமினிய ஃபிரேம், 8 பல்சக்கரக் கேசெட், சக்கர விளிம்பைக் கவ்வும் ரிம் பிரேக் கொண்ட தொடக்கநிலை ரோடு சைக்கிளை இரண்டு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். வாரக் கடைசியில் 60 முதல் 80 கிலோமீட்டர் போவேன். குழுவாகப் போகும்போது மேட்டில் பின்தங்கிவிடுகிறேன். ஒன்றரை மணி நேரம் தாண்டினால் விரல்கள் மரத்துப்போகின்றன. பழைய சைக்கிளை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு 'ஷிமானோ 105 போட்ட கார்பன் சைக்கிள்' தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். மாறலாமா? இருப்பதிலேயே கியர் பாகங்களை மட்டும் உயர்த்திக்கொள்ளலாமா?

பதில்:

கியர் பாகங்களை மட்டும் மாற்ற வேண்டாம். புது சைக்கிளுக்கு மாறலாம், ஆனால் இந்த மாதமே வேண்டியதில்லை. நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளில் ஒன்றுகூட, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டீரெய்லரில் இல்லை, கார்பனிலும் இல்லை.

முதலில் மேடு. உங்கள் சைக்கிள் பத்தரை கிலோ இருக்கும். நடுத்தர விலை கார்பன் சைக்கிள் எட்டரைக்குப் பக்கத்தில் வரும். குறைவது 2 கிலோ. ஆனால் மேட்டில் ஏறுவது சைக்கிள் மட்டும் அல்ல; நீங்களும் தண்ணீர் பாட்டில்களும் சேர்ந்துதான் ஏறுகிறீர்கள். மொத்தம் 80 கிலோவுக்கு மேல் என்றால் குறைவது இரண்டரை சதவீதம்கூட இல்லை. அரை மணி நேர ஏற்றத்தில் முக்கால் நிமிடத்துக்கும் குறைவாகத்தான் மிச்சமாகும். நிமிடக் கணக்கில் பின்தங்குகிறவர் இதற்காகப் பெரும் பணத்தை இறக்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கான கேசெட்டின் மிகப் பெரிய சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். தொடக்கநிலை சைக்கிள்கள் பலவற்றில் 28 பல்தான் இருக்கும். முன்னால் சிறிய சக்கரத்தில் 34 பல் என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் ஏறத்தாழ 2.55 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினால் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். செங்குத்தான மேட்டில் அந்த 60 சுற்றையே தொடையால் தள்ளித்தள்ளிச் சுற்ற வேண்டியிருக்கும். கால் சீக்கிரம் செத்துவிடும். பின்னால் 34 பல் இருந்தால் அதே வேகத்துக்கு 73 சுற்று வரும், ஒவ்வொரு மிதியும் இலேசாக இருக்கும். உங்கள் நண்பர்கள் ஏறுவது பெரும்பாலும் இந்த கியரில்தான். உங்கள் பின் டீரெய்லரில் செயினைப் பிடித்து வழிநடத்தும் கூண்டு நீளமானதாக இருந்தால் பெரிய கேசெட்டைப் போட முடியும். ஏற்குமா என்பதை மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார். கேசெட்டும் செயினும்தான் செலவு.

அடுத்தது விரல் மரத்துப்போவது. இது பெரும்பாலும் உடல் எடை கையில் விழுவதால் வருகிறது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கலாம், ஹேண்டில்பார் எட்டத்தில் இருக்கலாம், டயரில் காற்று அளவுக்கு மீறி இருக்கலாம். 25 மில்லிமீட்டர் டயரில் 120 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு ஓட்டுபவர்களை இன்றும் பார்க்கிறேன். 70 கிலோ எடையுள்ளவருக்கு 80, 85 போதும். ஃபிரேமும் பிரேக்கும் இடம் கொடுத்தால் 28 மில்லிமீட்டர் டயர் போட்டு 70 அளவில் வையுங்கள். கம்பி விளிம்புள்ள மலிவு டயர்களைக் கழற்றிவிட்டு நல்ல டயர்கள் இரண்டு போடுவதைவிட அதிக மாற்றத்தைக் குறைந்த செலவில் தரும் பாகம் சைக்கிளில் வேறு எதுவும் இல்லை. இத்தனைக்குப் பிறகும் விரல் மரத்தால், ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மை 10 அல்லது 20 மில்லிமீட்டர் குட்டையாக்கிப் பாருங்கள். எது சரியாக வருகிறதோ அந்த அளவைக் குறித்து வையுங்கள். புது சைக்கிள் வாங்கும்போது உங்களுக்குத் தேவைப்படப்போகும் எண் அதுதான்.

கியர் பாகங்களை மட்டும் உயர்த்த வேண்டாம் என்பதற்குக் காரணம் இது. ஷிமானோ 105 கியர் தொகுதியின் 12 கியர் வகை டிஸ்க் பிரேக்குக்கு மட்டுமே செய்யப்படுகிறது. உங்கள் ஃபிரேமில் டிஸ்க் பிரேக்கைப் பொருத்த இடமே இருக்காது. பழைய 11 கியர் பாகங்களைத் தேடிப் பிடித்தால் லீவர், இரண்டு டீரெய்லர், கேசெட், செயின் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். உங்கள் பின்சக்கரத்தின் நடு உருளையான ஹப்பும் 11 கியர் கேசெட்டை ஏற்காமல் போகலாம். சில்லறையாக வாங்கும் பாகங்களின் கூட்டுத்தொகை, அதே பாகங்கள் பொருத்திய முழு சைக்கிளின் விலையை நெருங்கும். நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் விலை உங்களுக்கோ எனக்கோ கிடைக்காது.

இனி அந்த '105 போட்ட கார்பன் சைக்கிள்'. இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. 105 என்பது ஒரு பாகத்தின் பெயர் அல்ல, ஒரு தொகுதியின் பெயர். பிரேக்-கியர் லீவர்கள், முன் டீரெய்லர், பின் டீரெய்லர், பிரேக்குகள், பெடல்கள் மாட்டும் கைகளான கிராங்க், கேசெட், செயின் எல்லாம் அதில் அடக்கம். வாங்க வருபவர் குனிந்து பார்ப்பது பின் டீரெய்லரைத்தான் என்பது விற்பவர்களுக்குத் தெரியும். ஆகவே அதை மட்டும் 105 ஆக வைத்து, கிராங்க்கைப் பெயர் தெரியாத ஒன்றாகவும், கேசெட்டையும் செயினையும் கீழ்த்தட்டு வகையாகவும், பிரேக்கைக் கம்பியால் இழுக்கும் டிஸ்க்காகவும் போட்டு, விளம்பரத்தில் 105 என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறார்கள். சொல்லளவில் இது பொய் ஆகாது. வாங்குபவர் ஏமாறுவது மட்டும் உறுதி.

நீங்கள் பார்க்க வேண்டியது லீவரையும் பிரேக்கையும். லீவரின் மேல் என்ன பெயர் இருக்கிறது? அதிலிருந்து பிரேக்குக்குப் போவது எண்ணெய் ஓடும் குழாயா, இரும்புக் கம்பியா? தொடக்கநிலையிலிருந்து நடுத்தரத்துக்கு மாறும்போது கை உடனே உணரும் வித்தியாசம் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்தான். நீண்ட இறக்கத்தில் ஒரே விரலால் வேகத்தை அடக்க முடியும். உங்களைப் போல விரல் மரத்துப்போகிறவருக்கு அது சொகுசு அல்ல, பாதுகாப்பு. பிறகு கிராங்க்கின் உட்பக்கத்தைப் பாருங்கள், பெயரோ மாடல் எண்ணோ அங்கே இருக்கும். கடைசியாகச் சக்கரங்கள். தொடக்கநிலை ஜோடி 2 கிலோவை ஒட்டி இருக்கும். நடுத்தர சைக்கிள் என்று விற்பதிலும் அதே கனமான ஜோடியைப் போட்டுவிட்டு, மிச்சம் பிடித்த காசில் ஃபிரேமுக்குப் பெயிண்ட் அடித்துப் பளபளக்க வைக்கிறார்கள்.

எக்ஸ்சேஞ்ச் விஷயத்தில் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். பழைய சைக்கிளைப் பற்றி வாயே திறக்காமல் புதிதின் கடைசி விலையைக் கேளுங்கள். கேட்டு எழுதிக்கொண்ட பிறகு எக்ஸ்சேஞ்ச் விலையைக் கேளுங்கள். பழையதற்கு நல்ல விலை கொடுப்பதாகச் சொல்பவர் அதே மூச்சில் புதிதின் தள்ளுபடியை மறுப்பார். உங்கள் பழைய சைக்கிளை வைத்துக்கொள்வதே மேல்: மழைக்கும், வீட்டுக்குள் பயிற்சிக்கும் உதவும்.

'ஒருவர் ஆசையாக வாங்கினார், ஓட்டவே இல்லை' என்று கார்பன் சைக்கிளைக் காட்டும் தரகர்களிடம் இன்னும் கவனம் தேவை. ஃபிரேமுக்கு நிறுவனங்கள் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். கிராங்க்குக்கு அடியில் இருக்கும் வரிசை எண் சுரண்டப்பட்டிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். நாணயத்தால் தட்டிச் சத்தம் கேட்டுக் கார்பனின் நலத்தைச் சொல்லிவிடுவதாகச் சிலர் பாவனை செய்வார்கள். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் காது சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். அதை நம்பி மணிக்கு 60 கிலோமீட்டரில் இறங்க முடியாது.

பழையதை வாங்காதீர்கள் என்பதே என் பொதுவான அறிவுரை. ஒரு விலக்கு மட்டும் உண்டு. சந்தை முழுக்க டிஸ்க் பிரேக்கின் பக்கம் ஓடிவிட்டதால், 11 கியர் 105 பொருத்திய நல்ல ரிம் பிரேக் சைக்கிள்களின் மதிப்பு சரிந்து கிடக்கிறது. அவை கெட்டுப்போனவை அல்ல. எடை குறைவு, பழுது பார்ப்பது சுலபம், பிரேக் கட்டை தேய்ந்தால் வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் முதல் உரிமையாளரிடமே நேரில் வாங்க வேண்டும், அவர் பெயரில் ரசீது இருக்க வேண்டும். ஃபிரேம் அலுமினியமாக இருப்பது நல்லது. கார்பன் என்றால் ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தையும் சீட் கம்பியைக் கவ்வும் இடத்தையும் விளக்கு வெளிச்சத்தில் நகத்தால் வருடிப் பாருங்கள். பெயிண்டில் கோடு இருந்து அதில் நகம் மாட்டினால் வேண்டாம். ரிம் அலுமினியமாக இருக்க வேண்டும், ஏனென்றால் கார்பன் ரிம்மில் மழையில் பிரேக் பிடிப்பது மோசம். ரிம்மின் பக்கச்சுவர் குழிந்திருந்தால் சக்கரம் முடிந்தது என்று பொருள். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். செயினில் 12 முழுக் கண்ணிகளை (உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் சேர்ந்தது ஒரு முழுக் கண்ணி) அளந்தால் புதிதில் சரியாக 304.8 மில்லிமீட்டர் வரும். 306.3-ஐத் தாண்டியிருந்தால் செயின் மாற்றும் கட்டத்தைக் கடந்துவிட்டது, கேசெட்டும் தேய்ந்திருக்கக்கூடும். உங்கள் சாலைகள் பெரும்பாலும் காய்ந்தவை, இறக்கங்கள் மிதமானவை என்றால் இதைத் தயங்காமல் வாங்கலாம். நீண்ட மலை இறக்கம், அடிக்கடி மழை என்றால் இந்த விலக்கை மறந்துவிடுங்கள்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு நிறுவனத்தின் 54 அளவு ஃபிரேமும் இன்னொரு நிறுவனத்தின் 54-ம் ஒன்றல்ல. இத்தனை ஆண்டுகளாகியும் இதை ஒழுங்குபடுத்த யாருக்கும் மனம் வரவில்லை. ஃபிரேமின் 'ஸ்டாக்', 'ரீச்' என்ற இரண்டு எண்களைக் கேளுங்கள். முதலாவது ஹேண்டில்பார் எவ்வளவு உயரம் என்பதையும், இரண்டாவது எவ்வளவு எட்டம் என்பதையும் காட்டும். உங்கள் இப்போதைய சைக்கிளின் எண்களோடு ஒப்பிடுங்கள். ரீச் கூடி ஸ்டாக் குறைந்த பந்தய வடிவம் உங்கள் விரல்களுக்கு ஆகாது. கடையில் ஸ்டாக் தெரியாது என்றால் நிறுவனத்தின் இணையதளத்தில் அட்டவணை இருக்கும். பெரிய சைஸ்தான் கையிருப்பில் இருக்கிறது, ஸ்டெம்மை மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம் என்றால் மறுத்துவிடுங்கள்.

கேபிளும் எண்ணெய்க் குழாயும் ஹேண்டில்பாருக்குள்ளேயும், ஃபோர்க் திரும்பும் பேரிங் தொகுதியான ஹெட்செட் வழியாகவும் மறைந்து போகும் மாடல்களையும் தவிருங்கள். பார்க்க அழகு. ஆனால் தேய்ந்த ஒரு சிறு பேரிங்கை மாற்ற பிரேக் குழாயையே கழற்றி, எண்ணெய் ஊற்றி, காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேர வேலையை அரை நாள் வேலையாக்கி, அதன் கூலியை வாங்குபவர் தலையில் கட்டுகிறார்கள். காற்றைக் கிழிப்பதில் அதனால் கிடைக்கும் ஆதாயம் உங்கள் வேகத்தில் கண்ணுக்கே தெரியாது.

எல்லாம் பொருந்தி வாங்கிவிட்டால், டெலிவரி நாளில் ஃபோர்க்கின் மேல்குழாயை வெட்டவே விடாதீர்கள். 'அழகாக இருக்கும்' என்று சொல்லி உடனே ரம்பத்தை எடுப்பார்கள். ஸ்டெம்முக்கு மேல் சில வளையங்கள் துருத்திக்கொண்டிருந்தால் இருக்கட்டும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, ஹேண்டில்பார் எந்த உயரத்தில் இருந்தால் விரல் மரக்கவில்லை என்று தெரிந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம். வெட்டிய குழாயை நீட்ட முடியாது.