சிறிய கிறிஸ்தவப் பல்கலையில் பொருளியல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாளையங்கோட்டையில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் ஒரு சிறிய கிறிஸ்தவப் பல்கலையில் பி.ஏ. பொருளியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. 2026 ஆகஸ்டில் சேர வேண்டும். மொத்தம் 1,500 மாணவர்கள், பொருளியலுக்கு மூன்றே ஆசிரியர்கள். கல்விக் கட்டணத்தில் பாதி உதவித்தொகை. பிறகு பிஎச்.டி. படிக்க ஆசை. “பைபிள் காலேஜ்ல படிச்சு எக்கனாமிஸ்ட் ஆக முடியுமா?” என்கிறார் மாமா. முன்பணம் கட்டலாமா?

ஜாஸ்மின்

அன்புள்ள ஜாஸ்மின்,

மாமா பைபிளை நினைத்துப் பயப்பட வேண்டாம். கணக்கை நினைத்துத்தான் பயப்பட வேண்டும்.

1885ல் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தைத் தொடங்க முன்னின்ற ரிச்சர்ட் ஈலி, கிறிஸ்தவ சமூகச் சீர்திருத்தத்தில் தீவிரமாக இருந்தவர். தொடக்ககால உறுப்பினர்களில் போதகர்களும் உண்டு. கூலி, வட்டி, வறுமை பற்றி விசுவாசத்தோடு சேர்த்துப் பேசும் வகுப்பு கிடைப்பது நல்ல விஷயம். வாரத்தில் சில நாள் சேப்பல் எனும் கல்லூரி ஆராதனை, கட்டாய வேதாகமப் பாடங்கள், நடத்தை உறுதிமொழி எல்லாம் இருக்கலாம். உறுதிமொழியை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட், அதாவது பாட அளவுப் புள்ளிகள். அதில் பொருளியல் ஏறக்குறைய 36தான் வரும். சிறிய கல்லூரிகள் பலவற்றில் பொருளியல் துறை பிசினஸ் பள்ளிக்குள் இருக்கும். அங்கே நுண்கணிதம் ஒரு செமஸ்டரோடு நின்றுவிடும், சில இடங்களில் அதுவும் கிடையாது. பிஎச்.டி. தேர்வுக் குழுவோ நுண்கணிதம் மூன்று செமஸ்டர், லீனியர் ஆல்ஜீப்ரா, நிகழ்தகவு, முடிந்தால் ரியல் அனாலிசிஸ் (நுண்கணிதத்தை நிரூபணங்களோடு படிக்கும் பாடம்) எதிர்பார்க்கும். ஆகவே கணிதத்தை இரண்டாவது மேஜராக, அதாவது இரண்டாவது முதன்மைப் பாடமாக, எடுங்கள். இடைநிலை நுண்பொருளியல் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கைக்காசுக்குள் நுகர்வோர் எதை எவ்வளவு வாங்குவார் என்பதை லக்ராஞ்ச் முறை எனும் நுண்கணித வழியில் போடாமல் வெறும் வரைபடத்திலேயே முடித்துவிட்டால், அந்தப் பாடம் பிஎச்.டி.க்குப் போதாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மூன்று ஆசிரியர்கள் இருக்கும் துறை எல்லா மேல்நிலைப் பாடங்களையும் வருடாவருடம் நடத்த முடியாது. எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளியல் தரவுகளைப் புள்ளியியலால் ஆராயும் பாடம்) இரட்டைப்படை ஆண்டுகளின் ஸ்பிரிங் செமஸ்டரில், அதாவது கல்வியாண்டின் இரண்டாம் பாதியில், மட்டும் வருகிறது என்று வையுங்கள். உங்களுக்கு 2028 ஸ்பிரிங், இல்லாவிட்டால் 2030 ஸ்பிரிங். 2028ல் எடுக்க வேண்டுமானால் புள்ளியியலையும் இடைநிலை நுண்பொருளியலையும் 2027 டிசம்பருக்குள் முடித்திருக்க வேண்டும். அதில் ஒன்று தவறினாலும் பாடம் கடைசி செமஸ்டருக்குத் தள்ளிப்போகும். பிஎச்.டி. விண்ணப்பங்களோ 2029 டிசம்பரிலேயே போயிருக்கும், எக்கனாமெட்ரிக்ஸ் மதிப்பெண் இல்லாமல். இரண்டாம் வருடம் இது யாருக்கும் உறைப்பதில்லை, நான்காம் வருடம் சரிசெய்ய வழியும் இல்லை. அதனால் நான்கு வருடப் பாட அட்டவணையைத் துறைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஓர் ஆசிரியர் விடுப்பில் போனால் யார் நடத்துவார் என்றும் கேளுங்கள். விட்டுப்போனதைக் கோடையில் பக்கத்து மாநிலப் பல்கலையில் எடுக்கலாம். கிரெடிட்டை ஏற்பார்கள் என்ற ஒப்புதலை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

அடுத்தது ஐ-20, மாணவர் விசாவுக்காகப் பல்கலை தரும் படிவம். அதில் பாடப்பிரிவுக்கு சிஐபி என்ற வகைப்பாட்டு எண் இருக்கும். 45.0601 என்றால் பொதுப் பொருளியல், படிப்புக்குப் பின் ஓபிடி எனும் வேலை அனுமதியில் 12 மாதம் மட்டுமே வேலை பார்க்கலாம். 45.0603 என்றால் எக்கனாமெட்ரிக்ஸ் சார்ந்த பொருளியல், அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருப்பதால் இன்னும் 24 மாதம் நீட்டிக்க விண்ணப்பிக்கலாம். பெயர் தெரியாத கல்லூரியிலிருந்து வருபவர்கள் பெரிய பல்கலையில் ஓரிரு வருடம் ஆய்வு உதவியாளராக இருந்துவிட்டு பிஎச்.டி.க்குப் போவது இப்போது வழக்கமான பாதை. 12 மாதத்தில் அது கஷ்டம்.

சிறிய துறையின் உண்மையான பலம் பரிந்துரைக் கடிதம். பிஎச்.டி.க்கு மூன்று வேண்டும். உங்களை நன்றாக அறிந்த மூவர் அங்கே இருப்பார்கள். ஆனால் “நல்ல பெண், முதல் மதிப்பெண்” என்று எழுதினால் பயனில்லை. இரண்டாம் வருடமே ஒருவரிடம் ஆய்வு வேலை கேளுங்கள். தரவுகளை அலச உதவும் ஆர் மென்பொருள் இலவசம், அமெரிக்க மத்திய வங்கியின் செயின்ட் லூயிஸ் கிளை நடத்தும் ஃப்ரெட் என்ற பொருளாதாரத் தரவுத்தளமும் இலவசம்.

கடைசியாகப் பணம். பாதி உதவித்தொகை என்பது கல்விக் கட்டணத்தில் மட்டும். விடுதி, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு தனி. எந்த ஜிபிஏவுக்கு (சராசரி மதிப்பெண்ணுக்கு) கீழே போனால் உதவித்தொகை நிற்கும் என்று கேளுங்கள். கல்லூரி நான்கு வருடம் தாக்குப்பிடிக்குமா என்பதையும் பாருங்கள். நியூயார்க்கின் அலையன்ஸ் பல்கலை, பழைய நயாக் கல்லூரி, 2023ல் அங்கீகாரம் இழந்து மூடப்பட்டது. அமெரிக்கக் கல்வித் துறை தனியார் கல்லூரிகளின் நிதிநிலைக்கு -1.0 முதல் 3.0 வரை மதிப்பெண் போட்டு வெளியிடுகிறது. 1.5க்குக் கீழே இருந்தால் முன்பணம் கட்டாதீர்கள்.