விதைப்பு மெசின்: கேட்டதும் சொன்னதும்

காலபோக (மாரி நெல்) விதைப்புக்கு முன்னம் பலர் கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். உழவு மெசினுக்குப் பின்னாலை பூட்டி, விதையை நிரை நிரையா மண்ணுக்குள் வைக்கிற மெசின் இது. தென்மராட்சியில் சொந்த வயலிலும் கூலிக்கும் ஒன்பது நிரை மெசின் ஓட்டுகிறவன் நான். இங்கிலீசிலை சொல்லுற மாதிரி "சீடர்" (seeder) எண்டு எழுதினால் குருவும் சீடரும் எண்டு சிலர் நினைக்கினம். அதாலை விதைப்பு மெசின் எண்டே எழுதுறன்.

மட்டுவிலில் இருந்து: "அண்ணை, நாங்கள் ஏக்கருக்கு 4 புசல் வீசி விதைக்கிறம். மெசினுக்கு எவ்வளவு போதும்? என்னட்டை 45 குதிரைவலு உழவு மெசின் இருக்கு."

தம்பி, 4 புசல் எண்டால் 80 கிலோவுக்கு மேலை. அவ்வளவு ஏன் போகுது? புழுதியில் வீசிப்போட்டு கொழுக்கலப்பையால் திருப்பி உழுகிறம். ஒரு மணி மேலேயே கிடந்து குருவிக்கும் எறும்புக்கும் போகும், இன்னொரு மணி அரைச்சாண் ஆழத்தில் புதைஞ்சு வராமலே போகும். போற விதைக்கும் சேர்த்துத்தானே அள்ளி வீசுறம். மெசின் எல்லா மணியையும் 3 சென்ரிமீற்றர் ஆழத்தில் வைக்கும், பெருவிரலின் முதல் மடிப்பளவு. முதல் வருசம் ஏக்கருக்கு 40 கிலோ போடுங்கோ, இரண்டு புசலுக்குக் கொஞ்சம் குறைவு. பயிரைப் பார்த்துப்போட்டு அடுத்த போகம் குறைக்கலாம். முதல் வருசமே 25 கிலோவுக்கு இறங்கி, மழை பிந்தி, பிறகு மெசினைத் திட்டினவையையும் கண்டிருக்கிறன்.

45 குதிரைவலு ஒன்பது நிரைக்குத் தாராளம். நிரைக்கு நிரை 20 சென்ரிமீற்றர் இருக்கிறதாப் பாருங்கோ. மண்ணைக் கீறுற கொழுக்கள் சட்டத்தில் நகர்த்திப் பூட்டக்கூடியதாயும் இருக்க வேணும். ஏன் எண்டு உளுந்துக் கேள்வியில் சொல்லுறன்.

கைதடியில் இருந்து: "விதை அளவைச் சரிபார்க்கிறது எப்பிடி? கடைக்காரர் தந்த அட்டவணையில் இருக்கிற இலக்கத்தில் வைச்சால் போதாதோ?"

போதாது. அந்த அட்டவணை வேறை நெல்லுக்குப் போட்டது. உங்கடை நெல்லு பருமனோ, சன்னமோ, பதர் எவ்வளவு எண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?

மெசினை ஜாக்கில் ஏத்தி, நிலச்சில்லை (நிலத்தில் உருண்டு விதை உருளையைச் சுத்துற சில்லு) கையால் சுத்தக்கூடியதா வையுங்கோ. பெட்டியில் பாதிக்கு விதை. ஒவ்வொரு குழாய்க்குக் கீழும் ஒரு பொலித்தீன் பை கட்டுங்கோ. சில்லில் சோக்கால் ஒரு கோடு. முதல் நாலைஞ்சு சுத்துக் கணக்கில்லை, விதையை அளந்து குழாய்க்குள் விடுற பள்ள உருளை நிரம்பத்தான் அது. பைகளை வெறுமையாக்கிப்போட்டுச் சரியா 20 சுத்து.

கணக்கு இதுதான். என்ரை சில்லின் விட்டம் 40 சென்ரிமீற்றர், ஒரு சுத்துக்கு 1.256 மீற்றர் ஓடும். 20 சுத்துக்கு 25.1 மீற்றர். ஒன்பது நிரை, 20 சென்ரிமீற்றர் இடைவெளி, அகலம் 1.8 மீற்றர். பெருக்கினால் 45 சதுர மீற்றர் சொச்சம். ஒரு ஏக்கர் 4047 சதுர மீற்றர், அதாவது இதைப்போல ஏறக்குறைய 89.5 மடங்கு. ஏக்கருக்கு 40 கிலோ வேணுமெண்டால் ஒன்பது பையிலும் சேர்த்து 447 கிராம் வரவேணும். பைக்கு 50 கிராம் அளவு. மனிசியின் சமையலறைத் தராசு காணும், கேட்டு எடுங்கோ.

கூடினால் குறைஞ்சால் உருளையின் பள்ளம் எவ்வளவு வெளியில் தெரியுது எண்டதை நெம்புகோலால் மாத்துங்கோ. வேகத்தைக் கூட்டிக் குறைச்சு விதை அளவு மாறாது, சில்லுத்தான் உருளையைச் சுத்துது. ஒரு பை 50, மற்றப் பை 38 எண்டால் அந்த உருளைக்குள் ஏதோ கிடக்கு, கழட்டிப் பாருங்கோ.

பிறகு வயல். புழுதியில் சில்லு வழுக்கும். விதை போட்டபடி 20 சுத்து ஓட்டி, தூரத்தை நாடாவால் அளவுங்கோ. 25.1 வரவேண்டிய இடத்தில் 27 மீற்றர் வந்தால் விதை 7 வீதம் குறைஞ்சுதான் விழுகுது. அதுக்கேத்தபடி திறவுங்கோ. இந்த ஒரு மணித்தியால வேலைக்குச் சோம்பல்பட்டுத்தான் பலபேர் "மெசின் சரியில்லை" எண்டினம்.

அராலியில் இருந்து: "முன் கொழு ஆழமாப் போகுது, பின் கொழு மண்ணைக் கீறுறதோடை சரி. கொழுவை மாத்தவேணுமோ?"

கொழுவில் கை வைக்காதேங்கோ. மெசினை உழவு மெசினோடை பூட்டுற மேல் தடி (மேல் லிங்க்) கட்டையாய்ப் போச்சு, மெசின் மூக்குக் குத்தி நிக்குது. அதைக் கொஞ்சம் நீட்டுங்கோ. இடது வலது சரியில்லாட்டில் வலப்பக்கத் தூக்குத் தடியைத் திருகுங்கோ. திருத்தினது சரியோ எண்டு ஆசனத்தில் இருந்து பார்த்தால் தெரியாது. பத்து மீற்றர் ஓட்டி, இறங்கி, முழங்காலில் இருந்து கையால் மண்ணை வழிச்சு, மணி எங்கை கிடக்குது எண்டு ஒவ்வொரு நிரையிலும் பாருங்கோ.

கனடாவில் இருந்து: "அண்ணா, ஊரில் தம்பி வயல் செய்யிறான். இஞ்சை பாவிச்ச மூன்று மீற்றர் மெசின் ஒன்று மலிவா வருது. கொண்டெயினரில் அனுப்பட்டோ?"

அனுப்பாதேங்கோ. அந்தத் தேசத்து நேரடி விதைப்பு மெசின்கள் பெரிய வெளிகளுக்கெண்டு செய்தவை. பாரத்தைத் தூக்கி இழுக்க எங்கடை சாதாரண உழவு மெசின் காணாது. எங்கடை வயல் எட்டுப் பரப்பு, பத்துப் பரப்பு, அரை ஏக்கர் சொச்சம். வரம்புக்கு வரம்பு திருப்பவேணும். ஒரு பெயாரிங் உடைஞ்சால் தம்பி ஆரிட்டை வாங்குவான்? தம்பியிட்டை லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மெசின்) மட்டும்தான் எண்டால் அதுக்குப் பூட்டுற சின்ன மெசின் பார்க்கலாம். நாலு சில்லு எண்டால் இந்தியத் தயாரிப்பு ஒன்பது நிரை, உதிரிப்பாகம் இஞ்சை கிடைக்கிறதாப் பார்த்து எடுக்கலாம். மகா இலுப்பள்ளமவில் விவசாயத் திணைக்களத்தின் பண்ணை இயந்திர ஆராய்ச்சி நிலையம் இருக்கு. வாங்க முதல் தம்பியை அங்கை ஒருக்கால் போய்க் கேக்கச் சொல்லுங்கோ.

சங்கானையில் இருந்து: "நெல்லு வெட்டின கையோடை உழாமல் உளுந்து போடலாமோ?"

எனக்குப் பிடிச்ச கேள்வி. தை மாதக் கடைசியில் வெட்டு முடியேக்கை மண்ணுக்குள் ஈரம் கிடக்கும். அதை உழுது காயவிடுறது தண்ணியை ஊத்திவிடுற மாதிரித்தான். உழாமல் ஒரு கீறல் மட்டும் போட்டு விதையை வைச்சால் அந்த ஈரத்திலேயே முளைக்கும்.

ஆனால் அகலக் கொழு வேண்டாம், மண்ணைப் பிளந்து ஈரத்தைப் பறக்கவிடும். நியூசிலாந்துக்காரர் கண்டுபிடிச்ச, கவிழ்த்த ஆணியின் தலை மாதிரிக் கீழே அகண்டு மேலே ஒடுங்கின கொழு நல்லது. மேல் வாய் சின்னன், உள்ளே ஈரம் நிக்கும். தட்டுச் சில்லு வைச்ச மெசினில் வேறை கரைச்சல்: ஈர வைக்கோலை வெட்டாமல் மடிச்சுக் கீறலுக்குள் தள்ளும், விதை வைக்கோலில் கிடந்து பழுதாப்போகும். கொழுவெண்டால் வைக்கோலை வாரிச் சேர்த்துக்கொண்டு வரும். எதெண்டாலும் வெட்டு மெசின் விட்ட வைக்கோல் வரியை முதல் எடுக்கவேணும். எங்கடை பக்கம் மாட்டுக்கெண்டு வந்து அள்ளுவினம், எங்களுக்கு வசதி.

உளுந்துக்கும் பயறுக்கும் நிரை இடைவெளி 30 சென்ரிமீற்றர். அதுக்குத்தான் நகர்த்துற கொழு கேட்டனான். 20ஐ வைச்சுக்கொண்டு ஒண்டுவிட்ட ஒண்டை அடைச்சால் 40 ஆகி, இடையில் புல்லு ஆளும். ஈரம் பார்க்க ஒரு பிடி மண்ணைப் பிசையுங்கோ. உருண்டையாகி, தட்ட உதிர்ந்தால் இறக்கலாம். கையில் ஒட்டினால் இரண்டு நாள் பொறுங்கோ, இல்லாட்டில் கீறல் மூடாது.

குப்பிளானில் இருந்து: "செம்மண் தோட்டம். கச்சானும் வெங்காயமும் போடலாமோ?"

வெங்காயத்தை விடுங்கோ, காயை இந்த மெசின் நடாது. கச்சானுக்குப் பள்ள உருளை ஆகாது, பருப்பை நசுக்கிப்போடும். சாய்ஞ்ச தட்டு வைச்ச பெட்டி வேணும். உங்கடை பக்கம் சுண்ணக்கல்லு தலைகாட்டுமெண்டபடியால் சுருள்வில்லுப் பூட்டின கொழுவாப் பாருங்கோ.

கொடிகாமத்தில் இருந்து: "ஒரு நிரை முழுக்க முளைக்கேல்லை. ஏன்?"

எனக்கும் நடந்தது. வரம்போரம் திரும்பேக்கை மெசினைத் தூக்காமல் ஒரு முழம் பின்னுக்கு எடுத்தன். குழாய் வாய்க்குள் மண் அடைஞ்சுது, எனக்குத் தெரியாது. பத்து நாள் கழிச்சு வயலுக்குப் போனால், நடுவில் வகிடு எடுத்த மாதிரி ஒரு வெறும் கோடு. பக்கத்து வயல் அண்ணை "என்ன, நடைபாதை விட்டனியோ?" எண்டார். இப்ப ஒவ்வொரு திருப்பத்திலும் தூக்கிப்போட்டுத்தான் பின்னுக்கு எடுப்பன். முன்னுக்கு நகரேக்கைதான் இறக்குவன். இன்னொண்டு: கோடை முழுக்கக் கொட்டிலில் நிண்ட மெசினின் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டும். விதைப்புக்கு முன்னம் ஒரு கம்பி விட்டுக் குத்திப் பாருங்கோ.

புத்தூரில் இருந்து: "யூரியாவையும் விதையோடை சேர்த்துப் போட்டால் ஒரு வேலை மிச்சமல்லோ?"

முளையும் மிச்சம் வராது, எரிச்சுப்போடும். அடிக்கட்டுப் பசளை போடுறதெண்டால் தனிப் பெட்டி, தனிக் குழாய், விதைக்குப் பக்கமாயும் கீழேயும் விழவேணும். பின்னேரம் பசளைப் பெட்டியை வெறுமையாக்கித் துடையுங்கோ. ஒரு இரவு கிடந்தால் கட்டிபட்டு உருளை இறுகும், தகரமும் கறள் பிடிக்கும்.

பளையில் இருந்து: "முளை கட்டின நெல்லு போடலாமோ?"

இதில் வேண்டாம், முளை முறிஞ்சுபோம். அதுக்குச் சேத்து வயலில் கையால் இழுக்கிற உருளைப் பீப்பாய் மெசின் இருக்கு. முளை வெள்ளையா எட்டிப்பார்க்கிற பதத்தில், பீப்பாயை நிரப்பாமல் மூண்டில் இரண்டு பங்குதான் போடவேணும். நீள முளை விட்டால் பின்னிக்கொண்டு ஓட்டையால் இறங்காது.

மீசாலையில் இருந்து: "வீட்டில் வைச்ச பச்சைப்பெருமாள் நெல்லு விதை. மெசினில் இறங்குமோ?"

இறங்கும், தூத்தித் துப்புரவாக்கினால். வீட்டு விதையில் பதரும் வைக்கோல் துண்டும் இருக்கும், அதுதான் பெட்டிக்குள் பாலம் கட்டி நிக்கிறது. உப்புத் தண்ணியில் போட்டு மிதக்கிறதை அள்ளி எறிஞ்சு, நல்ல தண்ணியில் கழுவி, நல்லாக் காயவிட்டுப் போடுங்கோ. அளவை மட்டும் புதுசா நிறுத்துப் பாருங்கோ, போன முறை வேறை நெல்லுக்கு வைச்ச இலக்கம் இதுக்குச் சரிவராது.