அஞ்சார் பள்ளிக்கூடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

லெபனானில் ஆர்மேனிய அகதிகளின் ஊரான அஞ்சார் பற்றி எழுதியிருந்தீர்கள். அங்குள்ள சுவிசேஷ (புராட்டஸ்டண்ட்) சபைப் பள்ளியைப் பாராட்டியது எனக்கு உறுத்தியது. அகதிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு மதம் மாற்றிய கதைதானே? வந்து எண்பது வருடத்துக்கு மேலாகியும் தனிப் பள்ளி எதற்கு?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

சோறு போட்டார்கள்தான். சுவிஸ் மிஷனரிகள் உதவியுடன் பள்ளியோடு ஒரு விடுதியும் நடந்தது. ஆனால் மாற்றுவதற்கு மதம் எங்கே இருந்தது? ஆர்மேனியர்கள் நாலாம் நூற்றாண்டிலிருந்தே கிறிஸ்தவர்கள். சண்டையெல்லாம் சபைகளுக்குள். தாய்ச்சபையான ஆர்மேனிய அப்போஸ்தல சபை விலக்கி வைத்தவர்கள் 1846இல் இஸ்தான்புல்லில் சுவிசேஷ சபையைத் தொடங்கினார்கள். பின்னணியில் அமெரிக்க மிஷனரிகள் இருந்தார்கள். ஆளைப் பிரித்தார்கள் என்று தாய்ச்சபைக்காரர்கள் வருத்தப்பட்டதில் நியாயம் உண்டு. சரி, இன்று தாய்ச்சபைப் பிள்ளைகளும் சுவிசேஷப் பள்ளிகளில் படிக்கிறார்கள்.

அஞ்சார்காரர்களின் பூர்வீகம் இன்றைய துருக்கியின் தெற்கில் உள்ள மூசா தாக் மலையின் ஆறு கிராமங்கள். 1915இல் ஒட்டோமான் அரசின் நாடுகடத்தல் உத்தரவுக்குப் பணியாமல் மலையேறிப் போராடி, பிரெஞ்சுக் கப்பல்களில் எகிப்தின் போர்ட் சயீதுக்குத் தப்பினார்கள். அங்கே கூடார முகாமிலேயே பள்ளிக்கூடம் நடந்தது! போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள், 1939இல் பிரான்ஸ் தன் ஆட்சியிலிருந்த அந்த மலை மாவட்டத்தைத் துருக்கிக்கு விட்டுக்கொடுத்ததும் மறுபடி மூட்டை கட்டிக்கொண்டு அஞ்சாருக்கு வந்தார்கள். ஊரின் ஆறு பகுதிகளுக்கும் அந்தக் கிராமங்களின் பெயர்தான்.

மதத்தைவிட மொழிக்குத்தான் இந்தப் பள்ளிகள் அதிகம் செய்தன என்பது என் எண்ணம். பெய்ரூட்டை ஒட்டிய பூர்ஜ் ஹம்மூதுக்கு வந்துசேர்ந்த, துருக்கியின் அதானா, மராஷ் பக்கத்து ஆர்மேனியர் பலர் வீட்டில் பேசியது துருக்கி மொழி. அவர்களுடைய பைபிளே துருக்கி மொழியில்தான், ஆனால் ஆர்மேனிய எழுத்தில் அச்சானது. பாட்டி அதை வாசித்துக்கொண்டிருக்க, ஆர்மேனியம் பேசக் கற்று வீட்டுக்குள் கொண்டுவந்தது பள்ளிக்குப் போன பேரப்பிள்ளை.

தனிப் பள்ளி லெபனானில் அதிசயமில்லை. அங்கே ஒவ்வொரு சமூகத்துக்கும் பள்ளி உண்டு, நாடாளுமன்றத்தில் இடஒதுக்கீடும் உண்டு. 128 இடங்களில் 6 ஆர்மேனியருக்கு. பிள்ளைகள் அரபியும் படித்து அரசுத் தேர்வு எழுதுகிறார்கள். இதற்கு மேல் அந்த நாட்டோடு என்ன ஒட்ட வேண்டும்?

இப்போதைய சிக்கல் பணம். 2019க்குப் பிறகு லெபனான் நாணயம் படுத்துவிட்டது. கட்டணம் கட்ட முடியாதவர்கள் ஒருபக்கம், வெளிநாடு கிளம்புகிறவர்கள் மறுபக்கம். லெபனான் ஆர்மேனியர்கள் பேசும் மேற்கு ஆர்மேனியத்தை யுனெஸ்கோ அழியும் ஆபத்திலுள்ள மொழிகளில் சேர்த்திருக்கிறது. இன்று பல பிள்ளைகளின் கட்டணம் வெளிநாட்டு நன்கொடையில்தான் ஓடுகிறது. அதில் மிஷன் பணமும் உண்டு. அதற்காக அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.